முடிச்சு அவிழும் நாள்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு ஆரவாரங்கள் ஒருசேரத் தொடங்கும். முதலாவது, நாச்சியார் அவதரித்த ஆடிப்பூரத்துக்கான ஆரவாரம். கொடியேறும், நாள்தோறும் புறப்பாடு நடக்கும், ஐந்தாம் நாள் ஐந்து கருட சேவை, ஏழாம் நாள் ஆண்டாளின் திருமடியில் ரெங்கமன்னார் சயனித்திருக்கும் திருக்கோலம், பிறகு தேர். திருவரங்கத்திலிருந்து பட்டு வஸ்திரம் வந்து சேரும். அதை மேளதாளத்தோடு மாட வீதிகளில் எடுத்து வரும்போது, முதியவர்கள் திண்ணையிலிருந்து எழுந்து நின்று கைகூப்புவார்கள்.

இரண்டாவது ஆரவாரம் ஜவுளிக் கடைகளின் ஆடித் தள்ளுபடி. தேர் பார்க்க வெளியூரிலிருந்து வரும் கூட்டம் திரும்பும்போது, பத்தில் ஆறு பேர் கையிலாவது ஒரு துணிப்பை தொங்குவதை நான் கண்டிருக்கிறேன். என் கையிலும் தொங்கியதுண்டு.

சென்ற வாரம் ராஜபாளையத்து அன்பர் ஒருவர் சந்நிதியில் என்னைச் சந்தித்தார். ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர். பிராகாரத்தில் சற்று அமர்ந்தோம். "ஒவ்வொரு வருஷமும் துணிமணிக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை ஒதுக்குகிறேன் ஐயா. ஆடி முடிவதற்குள் அது கரைந்துவிடுகிறது. தீபாவளிக்குக் கடன் வாங்கும்படி ஆகிறது. இதற்கு ஏதாவது சுலோகம் உண்டா?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்பது போலிருந்தாலும் அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

சுலோகம் எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு முடிச்சு தெரியும். அதைப் பற்றியும், அதை நான் ஒருமுறை அவிழ்க்கத் தகாத நாளில் அவிழ்த்ததைப் பற்றியும் இந்த வாரம் எழுதலாம் என்று தோன்றிற்று.

முதலில் ஆடியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடியில் திருமணம் இல்லை, புதுமனை புகுவிழா இல்லை. சுபகாரியம் இல்லாத மாதத்தில் பட்டும் வேட்டியும் யார் வாங்குவார்கள்? வியாபாரிக்கோ, அலமாரியில் தங்கிவிட்ட சரக்கைக் காசாக்கினால்தான் தீபாவளிக்குப் புதுச் சரக்கு இறக்க முடியும். அதற்காகப் பிறந்ததே இந்தத் தள்ளுபடி. இதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை; வியாபாரத்தின் இயல்பு அது. ஆனால் கடைக்காரருக்குத் தேவையான நாளில் நாம் வாங்குகிறோமா, நமக்குத் தேவையான நாளில் வாங்குகிறோமா என்பதை வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கடைக்குள் நுழைந்த பின் அந்தத் தீர்மானம் நம் கையில் இருப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "வயதான காலத்தில் எதற்குப் புதுத்துணி?" என்று கேட்கும் பிள்ளைகள் சிலர் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற முதுமொழி தூய்மையைச் சொல்கிறதே தவிர, முதியவர்கள் கந்தையைத்தான் கட்டவேண்டும் என்று சொல்லவில்லை. புதிதாக உடுத்துவதில் ஒரு மங்கலம் இருக்கிறது. அதை நம் நாச்சியாரே ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

திருப்பாவையின் முப்பது பாசுரங்களையும் நாவில் வைத்திருக்கும் அன்பர்களுக்கு நான் புதிதாக விளக்க ஒன்றும் இல்லை. வரிசையை மட்டும் நினைவூட்டுகிறேன். இரண்டாம் பாசுரத்தில் ஆயர் சிறுமியர் நெய்யையும் பாலையும் விடுகிறார்கள். கண்ணுக்கு மையும் கூந்தலுக்கு மலரும் வேண்டாம் என்கிறார்கள். அணிகலன்களும் ஆடையும் பால்சோறும் திரும்பி வருவது இருபத்தேழாம் பாசுரத்தில். அந்த நாளைத்தான் கூடாரவல்லி என்று கொண்டாடி அக்காரவடிசில் அமுது செய்விக்கிறோம். எண்ணிப் பாருங்கள்: அந்தச் சிறுமியர் அலங்காரத்தைத் துறக்கவில்லை, தள்ளி வைத்தார்கள். எந்த நாள் வரை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எல்லை தெரிந்த விரதம் கைக்கு எட்டும். "இனிமேல் துணியே எடுக்க மாட்டேன்" என்று ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் நசுங்கி வீடு திரும்பிய எரிச்சலில் எடுக்கும் சபதமோ, ஆவணி முகூர்த்தப் பத்திரிகை ஒன்று வீட்டு வாசலுக்கு வந்தவுடன் காற்றில் பறந்துவிடும்.

உடையில் நாள் குறித்த நோன்புக்கு நம் பக்கத்திலேயே ஒரு பெரிய சான்று உண்டு. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தியடிகள் தொப்பியையும் மேலாடையையும் விட்டு முழங்காலளவுத் துண்டுக்கு மாறினார். அந்நியத் துணியை விடச் சொன்னால், கதர் வாங்க வழியில்லாத ஏழைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்வியே அவரை அந்த முடிவுக்குக் கொண்டுவந்தது. இது எல்லோரும் அறிந்தது. ஆனால் அன்று அவர் அதை ஆயுட்கால விரதமாக அறிவிக்கவில்லை. அக்டோபர் 31 வரையிலாவது என்று ஒரு தேதியைத்தான் சொன்னார். அத்தனை மனவுறுதி படைத்தவரே முதலில் ஐந்தாறு வாரங்களுக்குத்தான் வாக்குக் கொடுத்தார் என்பதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தேதி வந்தது, போனது. அவர் பழைய உடைக்குத் திரும்பவில்லை என்பது வேறு செய்தி.

இனி முடிச்சுக்கு வருகிறேன். நோயோ கவலையோ வந்தால், மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சுவாமி படத்தின் முன் வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் எல்லாம் உண்டு. வேண்டுதல் நிறைவேறிக் கோயிலுக்குப் போகும் வரை அந்த முடிச்சை யாரும் தொடமாட்டார்கள். பால்காரருக்குச் சில்லறை இல்லை என்றாலும் தொடமாட்டார்கள். இந்தப் பழக்கத்தை ஜவுளிக்குக் கொண்டுவந்தவர் என் துணைவியார். நான் பணி ஓய்வு பெற்ற ஆண்டில், ஓய்வூதியம் கைக்கு வந்த முதல் நாளே ஒரு மஞ்சள் துணியில் 800 ரூபாயை முடிந்து ஆண்டாள் படத்தருகில் வைத்தார். "இது நம்ம ரெண்டு பேர் துணிக்கு. ஐப்பசியிலதான் அவிழ்க்கணும். அன்னைக்கு உள்ள என்ன இருக்கோ அதுக்குத்தான் துணி" என்றார். கார்த்திகையில் தொடங்கி ஐப்பசியில் முடியும் கணக்கு. ஆண்டுக்கு 9,600 ரூபாய்.

அவருடைய விதிகள் இரண்டுதான். முடிச்சிலிருந்து எடுத்து வேறு செலவு செய்யக்கூடாது. வேறு பணத்தை எடுத்து முடிச்சில் சேர்க்கவும் கூடாது. முதல் விதியைப் பலர் புரிந்துகொள்வார்கள். இரண்டாவதுதான் கடினம். கடையில் ஒரு சேலை பிடித்துப்போய், கூட 600 ரூபாய் தேவைப்படும்போது, மளிகைப் பணம் மடியில் இருந்தால் கை தானாக அங்கே போகும். ஆகவே ஜவுளிக்குப் போகும் நாளில் முடிச்சையும் பேருந்துக் கட்டணத்தையும் தவிர வேறெதையும் எடுத்துப் போவதில்லை. செல்போனில் பணம் செலுத்தும் வசதியை மகன் எனக்குச் செய்து தந்திருக்கிறான். அன்று மட்டும் செல்போன் வீட்டிலேயே இருக்கும்.

பேரக்குழந்தைகளுக்கு எடுப்பது, கல்யாண வீட்டுக்கு வைத்துக் கொடுப்பது எல்லாம் இதில் சேராது. அவை மொய்க் கணக்கு. இந்தப் பிரிவினை முக்கியம். துணிக்கு ஒதுக்கிய தொகை மிஞ்சிப்போகிறது என்று வருந்துகிறவர்கள் பலர், தமக்கென்று வாங்கியதைக் கூட்டிப் பார்த்தால் அது சொற்பமாகவே இருக்கும். போனது எல்லாம் சம்பந்தி வீட்டுச் சேலையிலும் புது மாப்பிள்ளையின் ஆடிச் சீரிலும்தான். இரண்டையும் ஒரே பையில் போட்டால், எந்த ஓட்டை வழியாகப் பணம் ஒழுகுகிறது என்றே தெரியாது. (வெற்றிலை பாக்கோடு வரும் ரவிக்கைத் துண்டைப் பற்றித் தனியாகவே ஒரு வாரம் எழுதலாம். எங்கள் தெருவில் ஒரு மாம்பழ வண்ணத் துண்டு ஏழு வீடு சுற்றிக் கொடுத்தவரிடமே திரும்பி வந்திருக்கிறது.)

விலைச் சீட்டில் இருப்பது விலை ஆகாது என்பதையும் இந்த முடிச்சே எனக்குக் கற்றுத் தந்தது. 1,500 ரூபாய்ச் சேலை என்று எழுதினால் துணைவியார் திருத்துவார்: ஓரம் அடிக்கக் கூலி, ஃபால்ஸ், ரவிக்கைக்கு உள்துணி, தையல். எல்லாம் சேர்ந்து 2,100க்கு வந்து நிற்கும். நான் 500 ரூபாய்க்குச் சட்டைத் துணி எடுத்துத் தையலுக்கு அதைவிட அதிகம் கொடுத்த கதையும் உண்டு. ஆகவே கடையில் செலவிடும் தொகை முடிச்சில் முக்கால் பங்கைத் தாண்டக்கூடாது என்பது அனுபவம்.

கூச்சம் என்று ஒன்று இருக்கிறதே, அது பெரிய செலவாளி. விற்பனைப் பெண் சளைக்காமல் முப்பது சேலை பிரித்துப் போடுகிறாள். மலைபோல் குவிந்துவிட்டது. ஒன்றும் எடுக்காமல் எழுந்தால் அந்தப் பிள்ளை மடித்து வைக்க எவ்வளவு நேரமாகும் என்று நமக்கு மனம் கேட்பதில்லை. வேண்டாத ஒன்றை எடுத்துக்கொண்டு எழுகிறோம். என் துணைவியார் உட்காரும்போதே, "நூல் சேலைம்மா, ஆயிரத்து ஐந்நூறுக்குள்ள. அஞ்சு காட்டினாப் போதும்" என்று சொல்லிவிடுவார். அந்தப் பெண்ணுக்கும் வேலை மிச்சம். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது, பட்டுகள் உள்ள பெட்டியில் பட்டர் கையை விட்டு எது அகப்படுகிறதோ அதையே சாத்துகிறார்கள் அல்லவா? மூவுலகும் ஆளும் பெருமாள் கைக்கு வந்ததை உடுத்துகிறார். நாமோ அறுபதைப் புரட்டிவிட்டு, இந்தக் கரை சற்று அகலமாக இருந்தால் தேவலாம் என்கிறோம்.

இவ்வளவும் எழுதுகிற நான், அந்த முடிச்சை ஒருமுறை அவிழ்த்தேன்.

எனக்கு எழுபது நிறைந்து பீமரத சாந்தி நடந்த ஆண்டு அது. ஆனி மாதம். என் துணைவியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலக்கண் மிகவும் மங்கிவிட்டதால் அந்த மாதமே அறுவைச் சிகிச்சை செய்துகொள்வதாக ஏற்பாடு. அதற்கென்று அஞ்சலகக் கணக்கில் பணம் இருந்தது. பிள்ளைகளிடம் கேட்கக்கூடாது என்பது எங்கள் இருவரின் பிடிவாதம். விசேஷத்துக்கு நூல் சேலை போதும் என்று அவர் சொல்லிவிட்டார். முடிச்சில் அன்று எட்டு மாதப் பணம், 6,400 ரூபாய் இருந்தது. அவிழ்க்கும் நாளுக்கு இன்னும் நான்கு மாதம்.

என் தங்கை வந்தாள். "என்ன அண்ணே, எழுபதாம் கல்யாணத்துக்கு மதினி நூல் சேலையிலயா மணையில உக்காரும்? ஊர் என்ன சொல்லும்?" என்றாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். என் மனத்தில் இருந்ததைத்தான் அவள் வாயால் சொன்னாள். மறுநாள் ஒருவரிடமும் சொல்லாமல் மதுரைக்குப் போனேன். கருநீலப் பட்டு, அரக்குக் கரை, 16,400 ரூபாய். முடிச்சு போக, 10,000 ரூபாய் அஞ்சலகக் கணக்கிலிருந்து போயிற்று. இரண்டே மாதத்தில் சேர்த்துவிடலாம் என்று பேருந்தில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மனைவியை வியப்பில் ஆழ்த்தும் எண்ணத்தோடு அட்டைப் பெட்டியைத் திறந்து மடியில் வைத்தேன். அவர் சேலையைத் தடவிப் பார்த்தார். சன்னல் பக்கம் எடுத்துப் போய் முகத்தருகே பிடித்தார். திரும்பி, மெல்லக் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா, விசேஷத்துக்குப் போய் ஏங்க கறுப்பு எடுத்தீங்க?"

புரை விழுந்த கண்ணுக்குக் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும் என்று பின்னாளில் மருத்துவர் சொன்னார். அன்று எனக்கு அது தெரியாது. கறுப்பு இல்லை, நீலம் என்றேன். "நீங்க சொன்னாச் சரி" என்றார். கண் பணத்தில் கை வைத்ததையும் அப்போதே சொல்லிவிட்டேன். மறைத்து வைக்க முடியவில்லை. அவர் கோபிக்கவில்லை. பூசையறையிலிருந்து கணக்கு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்து, "எழுதிருங்க" என்று மட்டும் சொன்னார். பிள்ளையார் சுழி போட்டு எத்தனையோ நோட்டுகளில் எத்தனையோ கணக்கு எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரியை எழுதியபோது கை நடுங்கிற்று.

அந்தப் பட்டை உடுத்தித்தான் மணையில் அமர்ந்தார். எல்லோரும் சேலையைப் புகழ்ந்தார்கள். உடுத்தியிருந்தவருக்கு மட்டும் அதன் நிறம் தெரியவில்லை. ஆனியில் நடக்கவேண்டிய சிகிச்சை ஐப்பசிக்குத் தள்ளிப்போயிற்று. இடையில் வந்த ஆடிப்பூரத் தேரன்று, தேர் எங்கள் தெரு முனையில் திரும்பும்போது, "நாச்சியாருக்கு இன்னைக்கு என்ன நிறப் பட்டு?" என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அத்தனை ஆண்டுகளாக அதை எனக்குச் சொல்லி வந்தவர் அவர்.

ஆடி முதல் ஐப்பசி வரை முடிச்சுப் பணம் 3,200 ரூபாயும் கண்ணுக்கே போயிற்று. அகவிலைப்படி நிலுவை வந்து மீதியை அடைத்தது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் இருவருக்கும் புதுத்துணி இல்லை. பழைய வேட்டிக்கு மஞ்சள் தடவி உடுத்தினேன். கட்டுப் பிரித்து இரண்டு வாரம் கழித்து, அவர் பீரோவைத் திறந்து அந்தச் சேலையை எடுத்து வெயிலில் விரித்துப் பார்த்தார். "நீலந்தான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ராஜபாளையத்து அன்பருக்கு நான் சொன்னது இதுதான். உங்கள் தொகை 800 ஆக இருக்கவேண்டியதில்லை; 300 ஆகவும் இருக்கலாம். விரலுக்கேற்ற வீக்கம். மஞ்சள் துணியில் நம்பிக்கை இல்லையென்றால், 1935ஆம் ஆண்டு முதல் நெசவாளர்களுக்காக இயங்கிவரும் கோ-ஆப்டெக்ஸில் மாதாந்திரச் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. மாதந்தோறும் கட்டி, முதிர்ந்ததும் சலுகையோடு கைத்தறித் துணியாக எடுத்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு அவர்கள் தரும் முப்பது சதவீதத் தள்ளுபடி யாவரும் அறிந்ததே. நம் ஊரிலும் சுந்தரபாண்டியத்திலும் இன்னும் தறிச் சத்தம் கேட்கிற தெருக்கள் உண்டு. அந்த வகையில் பணம் போவதில் ஒரு நிறைவும் இருக்கிறது. எந்த வழியாயினும் அவிழ்க்கும் நாளை இன்றே குறித்துவிடுங்கள். வீட்டில் ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் எதையாவது கண்டு மனம் தாவினால், நிறத்தையும் விலையையும் நோட்டில் எழுதி வையுங்கள். ஐப்பசியில் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது பாதியாவது எதற்காக எழுதினோம் என்றே நினைவிராது. எனக்கு அப்படித்தான்.

எங்கள் முடிச்சு இப்போது மீண்டும் ஒழுங்காக நடக்கிறது. தீபாவளிக்கு ஒரு நூல் சேலை, ஒரு வேட்டி, ஒரு சட்டை. துணைவியாருக்கு எடுக்கும் இரண்டாவது சேலை மடிப்புக் கலையாமல் காத்திருந்து, மார்கழி இருபத்தேழில் கூடாரவல்லியன்று நாச்சியார் சந்நிதிக்குப் போகும்போதுதான் உடலில் ஏறும். கணக்கில் எந்தத் தகராறும் இல்லை, ஒன்றைத் தவிர.

கடந்த பங்குனியில் உறவினர் ஊர் ஒன்றில், அம்மனுக்குச் சாத்திய சேலைகளை ஏலம் விட்டார்கள். என் துணைவியார் 1,100 ரூபாய்க்கு ஒன்றை எடுத்தார். முடிச்சு அவிழ்க்கும் மாதமும் அல்ல. பணம் மளிகைக்கு உரியது. இது விதிமீறல் என்றேன். "பிரசாதத்துக்குக் கணக்கு உண்டாங்க?" என்று திருப்பிக் கேட்டார். பிரசாதம்தான், ஆனால் உடுத்துகிறீர்களே என்றேன். துளசியைக்கூடத்தான் உண்கிறோம், அதை மளிகையில் எழுதுகிறோமா என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. நோட்டில் தேதியையும் பொருளையும் எழுதி, தொகைக்கு நேரே இடம் விட்டு வைத்தேன். நேற்று எதையோ தேடி அந்தப் பக்கத்தைத் திறந்தபோது, விட்ட இடத்தில் அவருடைய கையெழுத்தில் இரண்டு சொற்கள் இருந்தன: 'நாச்சியாரைக் கேட்கவும்.' தேர் நிலைக்கு வரட்டும், கேட்போம் என்றிருக்கிறேன்.